மேலுக்கு வேம்பு, உள்ளுக்குப் பூ

நேயர்களுக்கு வணக்கம். யுகாதி முடிந்து நாலைந்து நாள் ஆகிறது. பக்கத்து வீட்டுக் கன்னடக்காரர்கள் கிண்ணத்தில் பேவு பெல்ல கொண்டுவந்து கொடுத்திருப்பார்கள், நீங்களும் வாங்கி வாயில் போட்டிருப்பீர்கள். அந்தப் பேரைக் கொஞ்சம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பேவு, பெல்ல. நாம் 'வ' என்று சொல்கிற இடத்தில் அவர்கள் 'ப' என்று சொல்கிறார்கள், அவ்வளவுதான். வேம்பு பேவு ஆகிறது, வெல்லம் பெல்ல ஆகிறது. இதோ சித்திரை முதல் தேதி வந்தால் நம் வீட்டிலும் வேப்பம்பூப் பச்சடி. நான் பெங்களூரு அல்சூருக்கு மருமகளாக வந்து 38 வருஷம் ஆகிறது. திருமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவளுக்கு இந்த ஊரில் முதலில் புரிந்த கன்னட வார்த்தை இந்தப் பேவுதான். அன்றைக்கு வந்த ஆறுதல் இன்னும் மனதில் இருக்கிறது.

நான் மருத்துவர் இல்லை. பள்ளிக்கூடத்தில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவள். அதனால் இன்றைக்கு நான் சொல்லப்போவது ஒரே ஒரு விஷயம்தான், அதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன். வேம்பு மேலுக்குப் பூச. உள்ளுக்குச் சாப்பிட வேண்டும் என்றால் பூவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பல வருஷத்துக்கு முன்னால் எங்கள் மாடியில் குடியிருந்த வீட்டில் எட்டு மாதக் குழந்தைக்குச் சளி. ஊரிலிருந்து வந்திருந்த பாட்டி, தன் பிள்ளைகளுக்கெல்லாம் கொடுத்து வளர்த்த பழக்கத்தில், ஒரு பாலாடை வேப்பெண்ணெய் புகட்டிவிட்டார். ஒரு மணி நேரத்துக்கெல்லாம் குழந்தை வாந்தி எடுத்தது, அப்புறம் துவண்டு போயிற்று, மூச்சு வேகவேகமாக வாங்கியது, சாயங்காலம் வலிப்பு வந்துவிட்டது. ஆட்டோவில் அந்தக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போனது நான்தான். என் கை முழுக்க அந்த எண்ணெயின் பூண்டு வாடை. மூன்று நாள் தீவிர சிகிச்சையில் இருந்து பிழைத்தது. அந்தப் பாட்டியை யாரும் குறை சொல்ல வேண்டாம், பாசத்தில் செய்தது. ஆனால் அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை, அதுதான் என் வருத்தம். அதற்கப்புறம் தேடிப் படித்தேன். 1981லேயே மலேசியாவிலிருந்து மருத்துவர்கள் இதை எழுதியிருக்கிறார்கள். வேப்பெண்ணெய் குடித்த சின்னக் குழந்தைகளுக்கு ஈரலும் மூளையும் பாதிக்கப்பட்டதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி போதும் கைக்குழந்தைக்கு ஆபத்து வர. இந்த உரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். குழந்தைக்கு வேப்பெண்ணெய் ஒரு சொட்டுகூட உள்ளுக்கு வேண்டாம். கர்ப்பிணிகளுக்கும் வேண்டாம், குழந்தைக்காகக் காத்திருப்பவர்களுக்கும் வேண்டாம்.

அப்படியானால் வேம்பு கெட்டதா என்று கேட்கக்கூடாது. வீரியம் இருக்கிற மருந்துக்குத்தான் அளவு வேண்டும். இந்த மரத்தில் இலை ஒன்று, பூ ஒன்று, கொட்டை வேறொன்று. பூச்சியை விரட்டுகிற சரக்கு அதிகம் இருப்பது கொட்டையில். 1959ல் சூடானில் வெட்டுக்கிளிக் கூட்டம் வந்து கண்ணில் பட்ட பச்சையை எல்லாம் தின்று தீர்த்தபோது, வேப்பமரங்கள் மட்டும் இலையோடு நின்றதை ஹைன்ரிக் ஷ்முட்டரர் என்ற ஜெர்மன் பூச்சியியலாளர் கவனித்தார். அதிலிருந்துதான் மேல்நாட்டார் இந்த மரத்தைத் தீவிரமாக ஆராய ஆரம்பித்தார்கள். அதற்கு முன்பே, 1942ல், சலீமுஸ்ஸமான் சித்திக்கி என்ற நம் வேதியியலாளர் வேப்பெண்ணெயிலிருந்து நிம்பின் என்ற கசப்புப் பொருளைப் பிரித்தெடுத்துவிட்டார். நம் பாட்டிமார் அரிசிப் பானையில், பருப்பு டப்பாவில் காய்ந்த வேப்பிலையைப் போட்டு வைத்தார்களே, அதுவும் இதே கணக்குத்தான்.

சரி, முகப்பருவுக்கு வருகிறேன். பெண்பிள்ளைகள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். போன வருஷம் எங்கள் தெருவில் கல்லூரியில் படிக்கிற ஒரு பெண் முகமெல்லாம் சிவந்து, கன்னம் தடித்துப் போய் வந்து நின்றாள். "ஆன்ட்டி, நீங்கள் சொன்ன மாதிரி வேப்பிலைதான் அரைத்துப் போட்டேன்" என்றாள். எங்கே பறித்தாய் என்று கேட்டால், பூங்காவில் நடைபாதை ஓரத்து மரமாம். போய் ஒரு கொத்து கொண்டு வா என்றேன். கொண்டு வந்தாள். வேம்பே இல்லை. அது மலைவேம்பு. கன்னடத்தில் ஹெப்பேவு என்பார்கள், அதாவது பெரிய வேம்பு. இந்த ஊரில் பூங்காக்களிலும் லேஅவுட் சாலைகளிலும் நிறைய வைத்திருக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் வேம்பு மாதிரியேதான் இருக்கும், சொந்தக்கார மரம் அல்லவா.

எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு கொத்தைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். வேம்பு என்றால் நீளமான ஒரே ஈர்க்கு, அதன் இரண்டு பக்கமும் நேரடியாக இலைகள் இருக்கும். மலைவேம்பில் அந்த ஈர்க்கிலிருந்து கிளை ஈர்க்குகள் பிரியும், அந்தக் கிளைகளில்தான் இலை இருக்கும். அடுத்து, ஒரே ஒரு வேப்பிலையைக் கிள்ளி உள்ளங்கையில் வையுங்கள். கதிர் அரிவாள் மாதிரி வளைந்திருக்கும், ஓரத்தில் ரம்பப் பல் இருக்கும். நடு நரம்புக்கு ஒரு பக்கம் அகலம், மறு பக்கம் ஒடுக்கம், காம்போடு சேருகிற இடத்தில் இரண்டு பக்கமும் சமமாகச் சேராது. 31 வருஷம் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளை கையிலும் ஒரு இலை கொடுத்து இதைத்தான் பார்க்கச் சொன்னேன். ஒருமுறை பார்த்துவிட்டால் அப்புறம் ஆயுசுக்கும் மறக்காது. நிலவேம்பு என்று கஷாயத்துக்கு வாங்குகிறோமே, அது மரமே இல்லை, முழங்கால் உயரச் செடி. பேரை நம்பி எதையும் அரைக்காதீர்கள், இலையைப் பாருங்கள்.

நிஜமான வேப்பிலை கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கைப்பிடி இலையை நன்றாக அலசி, இரண்டு டம்ளர் தண்ணீரில் நிறம் இறங்கும்வரை கொதிக்கவிட்டு, ஆறினதும் வடிகட்டி அந்தத் தண்ணீரில் முகம் கழுவுங்கள். பருவுக்கு இது போதும். அரைத்துத்தான் போடுவேன் என்றால் கொழுந்தாக எடுத்து, துளி கஸ்தூரி மஞ்சளோடு மைய அரைத்து, பருவின் மேல் மட்டும் தொட்டு வைத்து, பத்து நிமிஷத்தில் கழுவிவிடுங்கள். காய்ந்து இழுக்கிறவரை விட்டால் தோல் வறண்டுபோகும். முதல் தடவை என்றால் முகத்தில் வைக்கவே வேண்டாம். முழங்கைக்கு உள்பக்கம் ஒரு பொட்டு வைத்து ஒரு நாள் பாருங்கள். அரிப்போ தடிப்போ வந்தால் உங்களுக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை, விட்டுவிடுங்கள். வேப்பெண்ணெயை அப்படியே முகத்தில் தடவுகிறவர்களைப் பார்க்கிறேன். வேண்டாம். ஒரு ஸ்பூனுக்குப் பத்து ஸ்பூன் தேங்காய் எண்ணெய் கலந்தால்தான் அது தோலுக்கு ஆகும்.

அம்மை போட்ட வீட்டில் வேப்பிலை கட்டுவதைப் பற்றியும் கேட்கிறார்கள். அம்மைக் கிருமியை வேப்பிலை கொன்றுவிடும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கொப்புளம் அரிக்கும்போது நகத்தால் சொறிந்தால் புண்ணாகித் தழும்பு விழும், வேப்பங்கொத்தால் மெல்லத் தடவினால் அரிப்பு தணியும், நகம் படாது. என் அம்மா எனக்கு ராத்திரியெல்லாம் உட்கார்ந்து அப்படித் தடவிக்கொடுத்தார். மூன்றாம் தண்ணி ஊற்றும்போது வெயிலில் வைத்த தண்ணீரில் மிதந்த அந்த இலைகளின் வாசனை எனக்கு இப்போதும் வருகிறது. மாரியம்மன் கை மருந்து என்று நம்மவர்கள் சொன்னதில் எவ்வளவு பரிவு இருக்கிறது பாருங்கள்.

இன்னொன்று. சர்க்கரைக்காரர்கள் காலையில் வெறும் வயிற்றில் வேப்பிலைச் சாறு குடிக்கிறார்கள். வேம்புக்குச் சர்க்கரையைக் குறைக்கிற குணம் உண்டு, மாத்திரைக்கும் உண்டு. இரண்டும் சேர்ந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கித் தலைசுற்றி விழுவார்கள். உங்கள் டாக்டரிடம் சொல்லாமல் குடிக்காதீர்கள். மேலுக்கு வேம்பு, உள்ளுக்குப் பூ, இதையேதான் மறுபடியும் சொல்கிறேன்.

இப்போது பூவுக்கு வருவோம், எனக்கு ரொம்பப் பிடித்த இடம். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு அஸ்வத்தக் கட்டே இருக்கிறது. அரசும் வேம்பும் பின்னிக்கொண்டு நிற்கும், அடியில் மஞ்சள் பூசிய நாகர் கற்கள். விடியற்காலை ஐந்தரை மணிக்கு என் மாமியார் பழைய வேட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு போய், கட்டேயைச் சுற்றி வந்து கும்பிட்டுவிட்டு, வேம்பின் கீழே விரித்து வைப்பார். கிளையை உலுக்கமாட்டார், தானாக விழுந்ததுதான் வேண்டும் என்பார். ஒன்றரை மணி நேரத்தில் வேட்டி மேல் வெள்ளையாக, ஐந்து இதழோடு, அரிசி நொய்யை விடக் கொஞ்சம்தான் பெரிதாக, தேன் வாசனையோடு பூ உதிர்ந்து கிடக்கும். காம்பும் சருகும் பொறுக்கி, மொட்டை மாடியில் மூன்று நாலு நாள் காயவைத்தால் பழுப்பாகச் சருகு மாதிரி ஆகிவிடும். பாட்டிலில் போட்டு மூடினால் ஒரு வருஷத்துக்குக் கவலை இல்லை. அவர் போன பிறகு அந்த வேட்டியை நான் எடுத்துக்கொண்டு போகிறேன். பஸ் போகிற பெரிய ரோட்டு மரத்தடியில் மட்டும் பொறுக்காதீர்கள், புகையும் தூசியும் பூவில் ஒட்டியிருக்கும்.

பூவை நெய்யில் கருஞ்சிவப்பாக வறுத்து, சூடான சாதத்தில் உப்போடு பிசைந்தால் நாக்கு செத்துப் போனவர்களுக்கும் பசி எடுக்கும். ரசத்தில் கடைசியில் தூவலாம். பச்சடிக்குப் புளித்தண்ணீர், வெல்லம், மாங்காய்த் துண்டு, ஒரு மிளகாய், வறுத்த பூ. இலையின் கசப்பு இதில் இருக்காது, இதமான கசப்பு. பாண்டியர்கள் வேப்பம்பூ மாலையைத் தங்கள் அடையாளமாகச் சூடினார்கள், மதுரைப் பக்கத்துக்காரி என்பதால் எனக்கு அதில் தனிப் பெருமை உண்டு.

காப்புரிமை வழக்கையும் விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், நேரம் குறைவாக இருக்கிறது. வேப்பெண்ணெயைப் பூஞ்சைக்கொல்லியாகப் பயன்படுத்தும் முறைக்கு 1994ல் ஐரோப்பாவில் காப்புரிமை கொடுத்தார்கள். இது இந்தியாவில் ஏற்கெனவே தெரிந்த விஷயம் என்று எதிர்த்து வாதாடி, 2000ல் அதை ரத்து செய்ய வைத்தார்கள். 2005ல் மேல்முறையீடும் தள்ளுபடி ஆயிற்று.

தலைக்கு இரண்டே வார்த்தை. பொடுகுக்கு வேப்பிலை கொதித்த தண்ணீரைக் கடைசி அலசலுக்கு ஊற்றுங்கள். பேனுக்குத் தேங்காய் எண்ணெயில் கொஞ்சம் வேப்பெண்ணெய் கலந்து தடவி, ஒரு மணி நேரம் கழித்துப் பேன்சீப்பால் வாரித் தலைக்குக் குளிக்க வேண்டும், கண்ணில் படக்கூடாது. ஈர் பொரிந்து வரும் என்பதால் வாரம் கழித்து இன்னொரு முறை செய்யுங்கள். பல்லுக்கு வேப்பங்குச்சி நல்லதுதான், ஆனால் 'ஆலும் வேலும் பல்லுக்குறுதி' என்பதில் வரும் வேல் வேம்பு இல்லை, கருவேலம்.

முடிக்கச் சொல்லிக் கை காட்டுகிறார்கள். மரத்தில் பூ இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கும். நாளைக் காலையிலேயே வேட்டியை எடுத்துக்கொண்டு போங்கள். வணக்கம்.