மேலே ஏறி உட்கார்ந்தவனை எப்படி ஆட வைப்பது? சேலம் ஸ்குவாட்களுக்கு ஒரு 20 வளைவுப் போட்டி

வணக்கம் மக்களே. காற்று பலமாக அடிக்கிறது, மைக்கில் இரைச்சல் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஏற்காடு லேடீஸ் சீட்டிலிருந்து பேசுகிறேன். கீழே தெரிகிறதே, அதுதான் அடிவாரத்திலிருந்து ஏறி வரும் மலைப்பாதை. மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவு. மொபைலில் நாலு பேர் ஒரு ஸ்குவாடாகச் சேர்ந்து சுட்டு ஆடும் பிஜிஎம்ஐ கேமில் நாம் நடத்தப்போகும் ஏணிப் போட்டிக்கும் 20 இடம்தான். முதல் வளைவு கடைசி இடம், 20-வது வளைவு உச்சி. இடம் கிடைக்காத ஸ்குவாட் அடிவாரத்தில் காத்திருக்கும்.

நம் ஊரில் பிஜிஎம்ஐ போட்டி என்றாலே ஞாயிற்றுக்கிழமை நாக்அவுட்தான். காலையில் தோற்றவன் மதியம் ஒரு தட்டுவடை செட் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவான். அடுத்த போட்டி எப்போது என்று யாருக்கும் தெரியாது. ஏணிப் போட்டி அப்படி இல்லை. டென்னிஸ், ஸ்குவாஷ் கிளப்களில் பெயர்ப் பலகைகளை வரிசையாக மாட்டி வைத்து, உனக்கு மேலே இருப்பவனைச் சவால் விட்டு ஜெயித்தால் அவன் இடம் உனக்கு என்று ஆடுவார்கள். தோற்றாலும் வெளியே போக வேண்டியதில்லை.

வரிசை போடுவது சுலபம். உச்சியில் இருப்பவனை மறுபடியும் ஆட வைப்பதுதான் கஷ்டம். யோசித்துப் பாருங்கள், அவனுக்கு அதில் என்ன லாபம்? ஜெயித்தால் இருந்த இடத்திலேயே இருப்பான், தோற்றால் இறங்குவான். அப்போது என்ன சொல்வான்? "கரண்ட் இல்லைண்ணா", "நாலாவது ஆள் ஊருக்குப் போயிட்டான்ணா", "நாளைக்கு எக்ஸாம்ணா". நான் எழுதியிருக்கும் விதி எல்லாமே இந்த ஆளை மனதில் வைத்து எழுதியதுதான்.

ஒரு ஸ்குவாட் வாரத்துக்கு ஒரு சவால் விடலாம், தனக்கு மேலே 3 வளைவு வரைக்கும். ஏன் 3? ஒரு வளைவு மட்டும் என்றால் கீழேயிருந்து உச்சிக்குப் போக 19 வாரம் ஆகும், அதற்குள் பாதிப் பேர் வேறு கேமுக்குப் போய்விடுவார்கள். 5 வளைவு என்றால் நாலே வெற்றியில் ஏறிவிடலாம், நடுவில் இருக்கும் இடங்களுக்கு மதிப்பே இல்லை. 3 என்றால் ஏழு வெற்றி வேண்டும். 12 வாரம் நடக்கும் சீசனுக்கு அது சரியாக இருக்கும். சவால் வந்தால் ஐந்து நாளுக்குள் ஆட வேண்டும், ஒரே ஒரு முறை தள்ளிப்போடலாம், அதற்கு மேல் போனால் தோல்வி.

இனி ஜெயித்தவனை எங்கே வைப்பது என்று பார்ப்போம். நான் அதிகம் மண்டையை உடைத்துக்கொண்டது இதில்தான். சும்மா உதாரணத்துக்கு, 9-வது வளைவில் அம்மாப்பேட்டை பசங்க, 12-ல் கொண்டலாம்பட்டி பசங்க. அம்மாப்பேட்டை ஜெயித்துவிட்டது. இரண்டு பேரும் இடம் மாற்றிக்கொண்டால் கொண்டலாம்பட்டி ஒரே தோல்வியில் 12-லிருந்து 9-க்கு விழும். இப்படி விழ வேண்டியிருந்தால் எவன் தைரியமாக ஆட வருவான்? ஒளியத்தான் பார்ப்பான். அதனால் இடமாற்றம் கிடையாது, நடுவில் நுழைவதுதான். அம்மாப்பேட்டை 12-க்கு வரும், அங்கே இருந்தவன் 11-க்கும், 11-ல் இருந்தவன் 10-க்கும், 10-ல் இருந்தவன் 9-க்கும் இறங்குவார்கள். தோற்றவனுக்கு நஷ்டம் ஒரே ஒரு படி.

ஆடாமல் இருந்த அந்த இரண்டு ஸ்குவாடும் என்ன பாவம் செய்தார்கள் என்று கேட்பீர்கள். அவர்கள் இறங்கட்டும் என்றுதான் நான் நினைக்கிறேன். சும்மா உட்கார்ந்திருப்பவன் தானாகச் சரிவான். வாரம் இத்தனை மேட்ச் ஆடாவிட்டால் பாயிண்ட் குறையும் என்று தனியாக ஒரு விதி எழுதும் வேலை மிச்சம்.

ஒருவன் தன் இடத்தைக் காப்பாற்றிவிட்டால் அவனுக்கு மூன்று நாள் ஓய்வு, புதுச் சவால் போகாது. நியாயமாகத்தான் தெரிகிறது, இல்லையா? ஆனால் நம் பசங்க புத்தி எனக்குத் தெரியும். கூட்டாளி ஸ்குவாடிடம் சொல்லி சவால் விடச் செய்து, அவன் வேண்டுமென்றே தோற்று, இவன் ஓய்வில் உட்கார்ந்துகொள்வான். அதற்காகவே முதலில் வந்த சவாலுக்கு முன்னுரிமை என்பதை எடுத்துவிட்டேன். புதன் இரவு வரை வந்த சவால்களைச் சேர்த்து, ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று வந்திருந்தால் சீட்டுக் குலுக்கிப் போடுவோம். தோற்றவன் அதே ஸ்குவாடை இரண்டு வாரத்துக்குச் சவால் விட முடியாது.

ஜெயித்தால் ஏறி, தோற்றால் இறங்கும் புள்ளிக் கணக்கான ஈலோ ரேட்டிங் போட்டுவிடலாமே என்பார்கள். ஹங்கேரியில் பிறந்த இயற்பியல் பேராசிரியர் ஆர்பாட் ஈலோ உருவாக்கிய முறை அது, உலகச் செஸ் கூட்டமைப்பு 1970-ல் எடுத்துக்கொண்டது. ரேட்டிங்கில் 200 புள்ளி முன்னால் இருப்பவர் செஸ்ஸில் 100 ஆட்டத்துக்குச் சராசரியாக 76 புள்ளி எடுப்பார் என்று அது கணக்குச் சொல்லும். அருமையான கணக்குதான், ஆனால் அதற்கு நிறைய ஆட்டம் வேண்டும். வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ ஆடும் ஸ்குவாடில் ஆளும் மாறிக்கொண்டே இருந்தால் அந்த எண் யாருடைய திறமையைச் சொல்கிறது? அதோடு ரேட்டிங் ஏறியதும் ஆடாமல் பதுங்குகிற வியாதி அதிலும் உண்டு.

கிளான் என்ற குழுக்களாக மோதும் மொபைல் கேம் கிளாஷ் ஆஃப் கிளான்ஸ் 2018-ல் கொண்டுவந்த கிளான் வார் லீக் பதுங்க வழியே வைக்கவில்லை. எட்டு கிளான் ஒரு குழு, ஒவ்வொன்றும் மற்ற ஏழோடும் மோதியாக வேண்டும், கடைசியில் மேலே இருப்பவர்கள் அடுத்த லீகுக்குப் போவார்கள், கீழே இருப்பவர்கள் இறங்குவார்கள். ஆனால் அதற்கு எல்லோரும் ஒரே வாரத்தில் வர வேண்டும். காலேஜ், தறி, கடை என்று இருக்கும் நம் பசங்களுக்கு அது ஒத்துவராது.

ஆட்டம் டிடிஎம், அதாவது இரண்டு ஸ்குவாட் மட்டும் நேருக்கு நேர் மோதும் டீம் டெத்மேட்ச், நாலுக்கு நாலு, மூன்று ஆட்டத்தில் இரண்டு ஜெயிக்க வேண்டும். கிளாசிக் மேட்ச் வேண்டாம். ஒரே ரூமில் பல ஸ்குவாட் இறங்கினால் வேண்டியவர்கள் கூட்டுச் சேர்ந்துவிடுவார்கள். ஸ்குவாடில் நாலு பேர், மாற்று ஆள் இரண்டு. அந்த ஆறு பெயரும் ஒரு மாதத்துக்கு மாறாது. ஒருவனே இரண்டு ஸ்குவாடில் ஆடினால் இரண்டும் அடிவாரத்துக்குப் போகும். மலையில் இருக்கும் பசங்களுக்கு மழை வந்தால் நெட் போய்விடும், அதனால் ஒரு மறு ஆட்டம் உண்டு, முதல் நிமிடத்துக்குள் துண்டித்தால் மட்டும். நாம் தோற்கப் போகிறோம் என்று தெரிந்ததும் நெட் போகிற அதிசயம் எனக்கும் தெரியும்.

ஆளுக்கு நூறு ரூபாய் வாங்கி ஜெயித்தவனுக்கு மொத்தமாகக் கொடுக்கும் வேலை கிடையாது. பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆன்லைன் விளையாட்டைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் போட்டிருக்கிறது. ஈ-ஸ்போர்ட்ஸுக்கு, அதாவது வீடியோ கேமை விளையாட்டுப் போட்டியாக நடத்துவதற்கு, அதில் தனி இடம் உண்டு, ஆனால் அதற்கு அங்கீகாரம், பதிவு எல்லாம் வேண்டும். நம் மொட்டைமாடிப் போட்டி அதற்குள் வராது.

பரிசு என் கைக்காசில், செவ்வாய்ப்பேட்டையில் வாங்கும் ஒரு வெள்ளிக் காசு. அது கடைசி நாளில் 20-வது வளைவில் நிற்கும் ஸ்குவாடுக்குப் போகாது. 15-க்கு மேலே நின்று, வந்த சவாலில் அதிக ஸ்குவாட்களைத் திருப்பி அனுப்பியவனுக்குத்தான். ஒரே ஸ்குவாடை எத்தனை முறை ஜெயித்தாலும் கணக்கில் ஒன்றுதான், கூட்டாளி வேலை இங்கேயும் செல்லாது.

நேரத்தைச் சவால் வாங்கியவன் சொல்வான், மேப்பைச் சவால் விட்டவன் சொல்வான். மூன்றாவது ஆட்டத்துக்கு மேப் யார் சொல்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை, உங்கள் யோசனையைச் சொல்லுங்கள். முதல் வரிசையும் சீட்டுக் குலுக்கித்தான். ஆறு பெயர், கேப்டன் யார், எந்த ஏரியா, இது மூன்றையும் புதன் இரவு 9 மணிக்குள் எனக்கு அனுப்பிவிடுங்கள்.