கூட்டம் முடிந்த பிறகும் உட்கார்ந்திருங்கள்

(புது வண்ணாரப்பேட்டையில் ஒரு கேரம் கிளப்பின் ஆண்டு விழாவில் பேசியது. எழுத்தில் வேண்டும் என்று பசங்க கேட்டதால் நினைவிலிருந்து எழுதித் தருகிறேன்.)

விழாவுக்குத் தலைமை தாங்கும் தலைமையாசிரியர் அம்மா அவர்களே, ஆயிரம் வேலைக்கு நடுவில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, கிளை நூலகத்தை ஒருநாள்கூடத் தாமதமாகத் திறக்காத நூலகர் ஐயா அவர்களே, காசு வாங்காமல் மைக் செட்டும் பந்தலும் போட்டுக் கொடுத்த அண்ணன் அவர்களே, காசிமேட்டிலிருந்து வந்திருக்கும் மீனவப் பெரியவர்களே, ஆட்டோ ஸ்டாண்டுத் தோழர்களே, வணக்கம். அப்புறம் இந்த கிளப்பின் மாஸ்டர். போர்டுக்குப் பவுடர் வாங்கவே காசில்லாத காலத்திலிருந்து இதை நடத்துகிறவர், தன்னைப் பற்றிப் பேச வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார், இருந்தாலும் அவருக்கு ஒரு கைதட்டல் கொடுத்துவிடலாம். செரியன் நகர் காசிமா, ஆட்டோ ஓட்டுநரின் மகள், 2024இல் அமெரிக்காவில் நடந்த உலக கேரம் போட்டியில் மூன்று தங்கம் வாங்கி வந்த ஊர் இது. அந்த ஊரில் நின்று இளைஞர்களுக்கு எதுவும் வராது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

எனக்குக் கொடுத்த தலைப்பு 'இளைஞர்களும் ஜனநாயகமும்'. மூன்று விஷயம் பேசலாம் என்று குறித்து வந்திருக்கிறேன்: ஓட்டு, கூட்டம், தகவல் உரிமைச் சட்டம். காசிமேட்டு ஏலத்தில் மீன் எடுத்து விற்ற எங்க ஆயா ஒரு பழமொழி சொல்லும். "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்டா." நாலு பேர் நடுவில் குரல் எழும்பாத அன்றைக்கு ஆயாவின் கூடை காலியாகத்தான் வீட்டுக்கு வரும். அதனால் அது எங்களுக்கு வெறும் பழமொழி இல்லை, அன்றைய சோறு.

முதலில் ஓட்டு. 1989 ஜனவரியில் சட்டமன்றத் தேர்தல் நடந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. ஓட்டுப் போட 21 ஆக வேண்டும் என்று இருந்த காலம். வாக்குச்சாவடிக்கு வெளியே நின்று நைனாவின் விரல் மையைப் பார்த்துவிட்டு வந்தேன். அந்த மார்ச் மாதம் அரசியல் சட்டத்தின் 61ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்து வயது 18 ஆனது, நவம்பரில் நாடாளுமன்றத் தேர்தலுக்கு நானே வரிசையில் நின்றேன். உங்களுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. 17 முடிந்ததும் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6 எழுதிக் கொடுத்துவிடலாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று வருடத்துக்கு நான்கு தேதி இருக்கிறது, எது முதலில் வருகிறதோ அதில் பெயர் ஏறும். இருந்தும் 2022 பிப்ரவரியில் மாநகராட்சித் தேர்தல் நடந்தபோது சென்னையில் ஓட்டுப் போட்டவர்கள் நூற்றுக்கு 44 பேர்கூட இல்லை, மாநிலம் முழுக்க 60க்கு மேல் போட்டார்கள். குப்பைக்கும் சாக்கடைக்கும் தெருவிளக்குக்கும் பொறுப்பான தேர்தலை நாம்தான் விட்டுக்கொடுத்தோம். இது எனக்கு ரொம்ப வருத்தம். மாமன்ற உறுப்பினருக்கும் வருத்தமாகத்தான் இருக்கும்.

ஓட்டு மட்டும்தானா என்றால், இல்லை. பெரம்பூர் பின்னி மில்லில் சாப்பாட்டுக்கு விட்ட அரை மணி நேரம் போதவில்லை என்று பேச ஆரம்பித்த தொழிலாளிகள்தான் 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் ஆனார்கள். பி.பி. வாடியா சங்கத்துக்குத் தலைவர், திரு.வி.க. கூடவே நின்றார், செல்வபதி செட்டியாரும் இராமானுஜுலு நாயுடுவும் அதற்கு முன்பிருந்தே அலைந்தவர்கள். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அதைச் சொல்கிறார்கள். அந்தத் தொழிலாளிகளில் எத்தனை பேருக்கு அன்றைக்கு ஓட்டு இருந்திருக்கும்? வாய் இருந்தது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும்.

சரி, இரண்டாவது விஷயத்துக்கு வருகிறேன், என் மனசு முழுக்க இங்கேதான் இருக்கிறது. 2017 ஜனவரியில் எண்ணூர்ப் பக்கம் கடலில் இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கரை ஒதுங்கியபோது வாளியோடு இறங்கி அள்ளியவர்களில் கல்லூரிப் பிள்ளைகள் எத்தனையோ பேர். 2023 டிசம்பர் வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீரில் பால் பாக்கெட் தூக்கிக்கொண்டு போனதும் நீங்கள்தான். உங்களுக்கு அக்கறை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் எண்ணெய் வந்த பிறகு வருகிறோம். அதற்கு முன்னால், எந்தத் திட்டம் வரலாம் எது வரக்கூடாது என்று பேசும் கூட்டத்துக்கு நாம் போவதில்லை.

அப்படி ஒரு கூட்டம் சட்டத்திலேயே இருக்கிறது. கருத்துக் கேட்புக் கூட்டம். திட்டம் வந்தால் சுற்றுச்சூழலுக்கு என்ன ஆகும் என்று முன்னாலேயே அறிக்கை எழுதச் சொல்லும் 2006ஆம் வருட அறிவிக்கையின்படி பெரிய திட்டங்கள் பெரும்பாலானவற்றுக்கு அது நடந்தாக வேண்டும். குறைந்தது 30 நாளுக்கு முன்னால் பத்திரிகையில் அறிவிப்பு வர வேண்டும், வந்தவர் யாரானாலும் பேச இடம் தர வேண்டும், முழுக்க வீடியோ எடுக்க வேண்டும். இத்தனை பேர் வந்தால்தான் செல்லும் என்ற கணக்கு கிடையாது. அதாவது நீங்கள் வராவிட்டாலும் கூட்டம் நடந்துவிடும்.

சில வருடத்துக்கு முன் அப்படி ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். ஒரு கல்யாண மண்டபம். வாசலில் போலீஸ், உள்ளே நான்கு பெடஸ்டல் ஃபேன், முன் பாதி நாற்காலிகளில் பஸ்ஸில் அழைத்து வரப்பட்டவர்கள், அவர்கள் கையில் சாப்பாட்டு டோக்கன். என் பக்கத்தில் ஒரு பெண், கல்லூரி இரண்டாம் ஆண்டு, மடியில் நாற்பது பக்க நோட்டு. பெயர் எழுதிக் கொடுத்துவிட்டு இரண்டு மணி நேரம் காத்திருந்தது. நடுவில் மைக் கரகரவென்று நின்றுபோய், எலக்ட்ரீஷியனைத் தேடி, அதுவே அரை மணி நேரம். முறை வந்ததும் நேராகப் போய், "சார், இந்த அறிக்கையோட தமிழ்ச் சுருக்கத்துல ஆத்தோரம் காலி இடம்னு போட்டிருக்கு. எங்க ஆயா அங்கதான் இறால் தடவுது. இறால் போடுற பறியப் பல்லுல கடிச்சிக்கினு இடுப்பளவு தண்ணில ரெண்டு கையாலயும் தடவும். அது காலி இடமா?" என்று கேட்டது. மண்டபத்தில் சத்தமே இல்லை. டோக்கன் வைத்திருந்தவர்களே கை தட்டினார்கள்.

கதை இத்தோடு முடியவில்லை. மதியம் இரண்டரைக்கு நன்றி சொன்னார்கள், பாதிப் பேர் பந்திக்குப் போனார்கள், மீதிப் பேர் பஸ் பிடிக்கப் போனார்கள். நானும் பையைத் தோளில் மாட்டிவிட்டேன். அந்தப் பெண் மட்டும் நகரவில்லை. "அண்ணா, இன்னும் குறிப்பு வாசிக்கலையே" என்றது. எனக்கு அது தெரியாது, இத்தனை வயதில் தெரியாது. பேசியதையெல்லாம் குறிப்பாக எழுதி, கூட்டத்தின் கடைசியில் அங்கேயே மக்களுக்கு அவர்கள் மொழியில் வாசித்து விளக்க வேண்டும் என்று அதே அறிவிக்கையில் இருக்கிறது. ஓர் அதிகாரி காகிதத்தைப் பார்த்துக் கடகடவென்று வாசித்துக்கொண்டே போனார். இந்தப் பெண்ணின் பெயர் வந்தது. "வேலைவாய்ப்பு குறித்துக் கேட்டார்."

எழுந்தது. "சார், நான் அதக் கேக்கல சார்." அவர் நிமிர்ந்து பார்த்தார், என்ன கேட்டாய் என்றார். நோட்டைப் பிரித்து மறுபடியும் வாசித்தது. அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, அந்த வரியை அடித்துவிட்டு, மேலே சின்ன எழுத்தில் எழுதினார்: 'ஆற்றோரம் காலி இடம் அல்ல, இறால் பிடிக்கும் இடம் எனத் தெரிவித்தார்.' எழுதியதை வாசித்துக் காட்டுங்கள் என்று கேட்டு, கேட்ட பிறகுதான் உட்கார்ந்தது. அப்போது மண்டபத்தில் முப்பது பேர் இருந்திருப்போம். பறியைக் கடித்துக்கொண்டு நிற்கும் ஆயாவால் வாய் திறக்க முடியாது, பேத்தி திறந்தது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்றால், தன் வீட்டையும் சேர்த்துப் பிழைக்க வைக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

இதில் எனக்கு ஒரு பெரிய குறை. அந்தப் பெண்ணிடம் இருந்தது பத்திருபது பக்கத் தமிழ்ச் சுருக்கம். முழு அறிக்கை தலையணை மாதிரி இருக்கும், அது ஆங்கிலத்தில். உள்ளூர் மொழியில் சுருக்கம் கொடுத்தால் போதும் என்பதுதான் இன்றைய விதி. நம் ஆற்றுக்கும் மூச்சுக்கும் என்ன ஆகும் என்று சொல்கிற பக்கங்களை நாமே படிக்க முடியாவிட்டால் எதைக் கருத்துச் சொல்வது? 2020இல் அந்த விதிகளையே மாற்றி எழுத வரைவு வந்தபோது, அதை அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் தரச் சொல்லி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. வரைவுக்கு அது முடியுமென்றால் எண்ணூர் அறிக்கைக்கும் மணலி அறிக்கைக்கும் ஏன் முடியாது? முழு அறிக்கையும் தமிழில் வேண்டும். நான்கு வருடமாகப் போகிற மேடையெல்லாம் இதைத்தான் கேட்கிறேன், ஐயா, இன்றைக்கும் கேட்கிறேன். மாமன்ற உறுப்பினர் அவர்கள் மன்றத்தில் இதை ஒரு வரி எழுப்பினால் இந்தப் பகுதியே நன்றி சொல்லும்.

மூன்றாவது, தகவல் உரிமைச் சட்டம். 2005இல் வந்தது, பத்து ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். தலைமையாசிரியர் அம்மா கடிகாரத்தைப் பார்க்கிறார்கள், பரிசு வாங்கக் குழந்தைகளும் காத்திருக்கிறார்கள், அதனால் அதை இன்னொரு நாள் விரிவாகப் பேசலாம்.

இப்போதைக்கு ஒன்று. வாசலில் கேரம் போர்டு சாய்த்து வைத்திருக்கும் மேசையில் ஒரு மனு இருக்கிறது, முழு அறிக்கை தமிழில் கேட்டு. படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், படிக்காமல் போடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு இதே கிளப்பில் ஒரு சுருக்க அறிக்கையை உட்கார்ந்து சத்தமாக வாசிக்கப் போகிறோம். நூலகர் ஐயா நகல் எடுத்துத் தருகிறேன் என்றிருக்கிறார், டீச் செலவு நம் கிளப் மாஸ்டருடையது. வரும்போது ஒரு நாற்பது பக்க நோட்டு எடுத்து வாருங்கள்.