மடியில் ஒரு பிளாஸ்டிக் பை: மனநோயும் சிங்கப்பூர் நீதிமன்றமும்

[காட்சி: ஹேவ்லாக் சதுக்கம், அரசு நீதிமன்றக் கட்டடம், காலை நேரம்]

வணக்கம். இந்தக் கட்டடத்தில் நான் பார்த்த ஓர் அம்மாவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் மடியில் ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது. பை நிறைய மாத்திரை அட்டைகள். பாதி அட்டைகளில் ஒரு மாத்திரைகூடப் பிரிக்கப்படவில்லை. கடையில் பொருள் திருடியதாக மகன்மீது வழக்கு.

“நான்கு வருடமாகவே இவன் சரியாக இல்லை, தம்பி. வெளியே தெரிந்தால் இவன் தங்கைக்கு வரன் அமையாதே என்று வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன்” என்றார் இளம் வழக்கறிஞரிடம்.

“கடைசியாக எப்போது டாக்டரைப் பார்த்தீர்கள், அம்மா?”

அவருக்கு நினைவில்லை. மகன் வழக்குக்கு மிகவும் தேவைப்பட்டது அந்தத் தேதிதான்.

[காட்சி: சட்டப் புத்தகத்தின் பக்கங்கள்]

மனநோய் இருப்பதாக ஒரு சான்றிதழைக் காட்டினால் வழக்கு தள்ளுபடியாகிவிடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். சட்டம் கேட்பது வேறு கேள்வி. தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவு, செயல் நடந்த அந்த நேரத்தில் அவர் மனம் எப்படி இருந்தது என்று பார்க்கிறது. தான் என்ன செய்கிறோம் என்பதே புரியாத நிலையா? அது தவறு என்று உணர முடியாத நிலையா? 2020 ஜனவரி முதல் மூன்றாவது கேள்வியும் சேர்ந்தது: தன் செயலைக் கட்டுப்படுத்தும் ஆற்றலை அவர் அடியோடு இழந்திருந்தாரா? இதை மெய்ப்பிக்கும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவருடையது. மெய்ப்பித்தாலும் அன்றே வீட்டுக்குப் போய்விட முடியாது. மனநல மருத்துவமனையில் பாதுகாப்பில் வைக்க உத்தரவு வரலாம். 1860இல் இந்தியாவுக்காக எழுதப்பட்ட தண்டனைச் சட்டத்திலிருந்து வந்த பிரிவு இது. அங்கேயும் 2024 வரை எண் 84தான்.

கொலை வழக்குகளில் இன்னொரு வாசல் உண்டு. மனநிலைப் பாதிப்பு செயலுக்கான பொறுப்பைப் பெரிதும் குறைத்திருந்தால், குற்றம் கொலை என்ற நிலையிலிருந்து ஒரு படி இறங்கும். தண்டனை எவ்வளவு என்பதில் நீதிபதிகளே வேறுபடுகிறார்கள். மனப்பிரமையில் மனைவியைக் கொன்ற ஒருவருக்கு உயர் நீதிமன்றம் 2 ஆண்டுச் சிறை விதித்தது. 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை 6 ஆண்டாக உயர்த்தியது. நோயாளிக்கு இரக்கம் ஒரு பக்கம், ஊரின் பாதுகாப்பு மறு பக்கம். இரண்டும் நியாயமான கவலைகள்தான் என்று நான் நினைக்கிறேன்.

[காட்சி: புவாங்கோக், மனநல மருத்துவமனையான மனநலக் கழகத்தின் நுழைவாயில்]

அந்த அம்மாவின் மகனைப் போன்றவர்களுக்கு உண்மையில் உதவக்கூடியது கட்டாய சிகிச்சை உத்தரவு. 2010ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் வந்தது. சிறைக்குப் பதிலாகச் சிகிச்சை. முதலில் 24 மாதம்வரை என்றிருந்தது. 2018இல் 36 மாதமாக நீட்டித்தார்கள். நீதிபதி முதலில் மனநல மருத்துவரிடம் அறிக்கை கேட்பார். நோய் சிகிச்சைக்குக் கட்டுப்படக்கூடியதா, இவர் சிகிச்சைக்கு ஏற்றவரா, குற்றத்துக்கு அந்த நோயும் ஒரு காரணமா என்று மருத்துவர் சொல்ல வேண்டும்.

மூன்றாவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். மனச்சோர்வு இருக்கிறது, திருட்டும் நடந்திருக்கிறது. அது மட்டும் போதாது, இரண்டையும் இணைக்கும் கயிறு வேண்டும். அந்தக் கயிறு பழைய பதிவுகளில் இருக்கிறது. முதலில் எப்போது தூக்கம் கெட்டது, மாத்திரையை எந்த மாதம் நிறுத்தினார், யாரிடம் காட்டினீர்கள்? குடும்பம் எதையும் வெளியே காட்டாமல் மறைத்திருந்தால், கைதுக்குப் பிறகு சொல்லும் கதையாகவே அது ஒலிக்கும். இதைச் சொல்லும்போது எனக்கு வலிக்கிறது. ஏனென்றால் அந்த அம்மா மறைத்தது பிள்ளைகள்மேல் வைத்த பாசத்தால்தான்.

கடுமையான குற்றங்களுக்கு இந்த உத்தரவு கிடைக்காது. கிடைத்தவரும் சிகிச்சைக்குப் போகாமல் விட்டால், நீதிமன்றம் அதை ரத்து செய்து தண்டனை விதிக்கலாம்.

[காட்சி: காவல் நிலைய விசாரணை அறை, மூன்று நாற்காலிகள்]

மூன்றாவது நாற்காலியைக் கவனியுங்கள். மனநலம் அல்லது அறிவுத்திறன் பாதிக்கப்பட்டவரை விசாரிக்கும்போது, பயிற்சி பெற்ற தொண்டூழியர் ஒருவர் உடனிருக்கும் ஏற்பாடு 2015 முதல் தீவு முழுவதும் இருக்கிறது. நோய் இருப்பதே அதிகாரிக்குத் தெரியாவிட்டால் அந்த நாற்காலி காலியாகவே கிடக்கும். அதனால் முதல் தொலைபேசி அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று: தற்கொலை முயற்சி 2020 முதல் இங்கே குற்றமில்லை. உதவி கேட்டால் வழக்கு வந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம்.

[காட்சி: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் வரவேற்பறை, சாமி படம்]

“காற்றுச் சேட்டை”, “செய்வினை”, “கண்ணேறு”. நம் வீடுகளில் நோய்க்கு முதலில் கிடைக்கும் பெயர்கள் இவை. கோயிலுக்குப் போங்கள், திருநீறு பூசுங்கள், நான் தடுக்கவில்லை. அதே வாரத்தில் பலதுறை மருந்தகத்துக்கும் (பாலிகிளினிக்) போய்வாருங்கள். டாக்டரிடம் நோயின் பெயரைச் சொல்லத் தேவையில்லை, பார்த்ததைச் சொல்லுங்கள். “மூன்று இரவாகத் தூங்கவில்லை.” “சோற்றில் விஷம் இருக்கிறது என்று தட்டைத் தள்ளிவிட்டான்.” “சுவரோடு பேசுகிறான்.” தமிழில் தாராளமாகச் சொல்லலாம். நீதிமன்றத்திலும் தமிழ் மொழிபெயர்ப்பாளர் உண்டு.

2016இல் நடந்த தேசிய ஆய்வின்படி, சிங்கப்பூரில் 7 பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையாவது மனநலப் பாதிப்பைச் சந்திக்கிறார். அவர்களில் பெரும்பாலோர் காவல் நிலைய வாசலை மிதித்ததே இல்லை. பக்கத்து வீட்டுப் பையனுக்கு மனநோய் என்று கேள்விப்பட்டால் கதவைச் சாத்திக்கொள்ளாதீர்கள்.

[திரையில்: மனநலக் கழக உதவி எண் 6389 2222, 24 மணி நேரமும்]

அன்று காலை அந்த வழக்கறிஞர் பையை வாங்கி, மாத்திரை அட்டைகளை ஒவ்வொன்றாக மேசையில் பரப்பினார். மருந்து உறைகளில் ஒட்டியிருந்த தாள்களில் மகனின் பெயரும் மருந்து கொடுத்த தேதியும் அச்சாகியிருந்தன. மிகப் பழைய தேதியைத் தேடி எடுத்து, தம் குறிப்பேட்டின் முதல் வரியில் எழுதிக்கொண்டார்.