பக்கவாதம்: யாருக்கு ஊசி கிடைக்கிறது?

வணக்கம். பக்கவாதம் என்று ஒருவரை அவசரப் பிரிவுக்குக் கொண்டுவந்தால், டாக்டர் உடனே கேட்பது இதைத்தான்: "இவர் நன்றாக இருந்ததைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?" மூளைக்குப் போகும் ரத்தக்குழாயை அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்க ஓர் ஊசி இருக்கிறது. பொதுவாக அதை 4½ மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். ராத்திரி 10 மணிக்கு நல்லபடியாகப் படுத்தவர் காலை 6 மணிக்கு வாய் கோணி எழுந்தால், கணக்கு 10 மணியிலிருந்துதான் தொடங்கும்.

அமெரிக்காவில் இந்த ஊசிக்கு 1996இல் அனுமதி கிடைத்தது. குழாயை உள்ளே செலுத்திப் பெரிய கட்டிகளை வெளியே இழுக்கும் சிகிச்சை 2015 ஆய்வுகளுக்குப் பிறகு உறுதியானது. அங்கே கறுப்பின மக்களுக்கு முதல் பக்கவாதம் வரும் அபாயம் வெள்ளையரைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அப்படியானால் இந்தச் சிகிச்சைகள் அவர்களுக்குத்தானே அதிகம் கிடைக்க வேண்டும்? நடப்பது நேர்மாறு. பக்கவாதம் வந்த கறுப்பினத்தவரில் ஊசி பெறுபவர்களின் விகிதம் வெள்ளையரைவிடக் குறைவு என்று பல ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன.

ஏன் என்று கேட்டால், "அவர்கள் லேட்டாக வருகிறார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். பொய் என்று சொல்ல மாட்டேன். வாஷிங்டன் நகரில் நடந்த ஓர் ஆய்வில், பக்கவாதம் வந்தால் அந்நாட்டு அவசர உதவி எண்ணான 911ஐ அழைப்போம் என்று பெரும்பாலானவர்கள் சொன்னார்கள். உண்மையில் வந்தபோது பலர் முதலில் அழைத்தது உறவினரையோ நண்பரையோதான். எனக்கு இதில் வியப்பில்லை. ஆம்புலன்ஸ் ஏறினால் பெரிய பில் வரும் நாட்டில், காப்பீடு இல்லாத ஒருவர் "கை மரத்துத்தானே போயிருக்கிறது, கொஞ்சம் பார்ப்போம்" என்று உட்கார்ந்துவிடுவதை அறியாமை என்று சொல்லிவிட முடியுமா?

சரி, சீக்கிரமே கிளம்பிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். எங்கே போவது? பக்கவாத சிகிச்சைக்குத் தகுதியான மருத்துவமனை என்று அங்கே 2003 முதல் சான்று தருகிறார்கள். கறுப்பின மக்கள் ஒதுங்கி வாழ நேர்ந்த பகுதிகளில், மக்கள்தொகையைக் கணக்கில் எடுத்தால், மருத்துவமனைகள் அந்தச் சான்று பெறுவது குறைவு என்று 2022இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. இதையும் நோயாளியின் தாமதம் என்ற கணக்கில்தான் எழுதுகிறார்கள்.

உள்ளே போன பிறகு மொழி குறுக்கே வருகிறது. ஸ்பானிஷ் மட்டுமே தெரிந்த மனைவியிடம் அந்த முதல் கேள்வியைக் கேட்டால், "காலையிலிருந்து இப்படி" என்பார். எழும்போதே அப்படியா, எழுந்து காபி குடித்த பிறகா? ஊசி போடலாமா கூடாதா என்பது அந்தப் பதிலில் இருக்கிறது. 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டப்படி, அரசுப் பணம் பெறும் மருத்துவமனை மொழிபெயர்ப்புக்கு வழி செய்ய வேண்டும். சட்டம் இருக்கிறது, மொழிபெயர்ப்பாளர் தொலைபேசியில் வரும்வரை நிமிடங்கள் ஓடுகின்றன. ஒரு நிமிடத்தில் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்பது மருத்துவர்கள் போட்ட கணக்கு.

அப்புறம் சம்மதம். இந்த ஊசியால் மூளையில் ரத்தம் கசியலாம். முதல் பெரிய ஆய்வில் 100 பேரில் சுமார் 6 பேருக்கு அப்படி நடந்தது. இதைச் சொல்லிக் கையெழுத்துக் கேட்கும்போது கறுப்பின நோயாளிகள் மறுப்பது கூடுதல் என்று சிகாகோவில் பார்த்திருக்கிறார்கள். அலபாமாவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் என்ற பால்வினை நோய் இருந்த கறுப்பின ஆண்களுக்கு உண்மையைச் சொல்லாமலும் சிகிச்சை தராமலும் அரசே வேடிக்கை பார்த்தது. அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் ஒரு டாக்டரின் அவசரத்தைச் சந்தேகித்தால் நான் குறை சொல்ல மாட்டேன். அந்த நம்பிக்கையை ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் நின்று 5 நிமிடத்தில் சம்பாதிக்க முடியாது.

நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஒலஜிடே வில்லியம்ஸ் என்ற நரம்பியல் மருத்துவர், பள்ளிப் பிள்ளைகளுக்கு ஹிப் ஹாப் பாட்டு மூலம் பக்கவாத அறிகுறிகளைச் சொல்லிக்கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கினார். அதைக் கற்ற சில பிள்ளைகள் உண்மையிலேயே வீட்டிலிருந்து 911ஐ அழைத்திருக்கிறார்கள். அருமையான வேலை. ஆனால் அந்த ஆம்புலன்ஸ் எந்த மருத்துவமனைக்குப் போகும், நடு இரவில் கட்டியை இழுத்தெடுக்கத் தெரிந்தவர் அங்கே பணியில் இருப்பாரா என்பதெல்லாம் மாநில நிர்வாகமும் மருத்துவமனைகளின் வரவு செலவும் தீர்மானிக்கும் விஷயங்கள். விழிப்புணர்வுக்கு ஒதுக்கும் பணத்தோடு அங்கேயும் பணம் போக வேண்டும் என்பது என் கருத்து. வணக்கம்.