ரிப்போர்ட் நார்மல், சரி... அப்புறம்?

எல்லாருக்கும் வணக்கம். நேரா விஷயத்துக்கே வந்துடறேன். என்கிட்ட வர்றவங்கள்ல நிறைய பேர் கைல ஒரு ஃபைலோட வருவாங்க, சுகர் நார்மல், பிரஷர் நார்மல், கொலஸ்ட்ரால் நார்மல், "டாக்டர், குண்டா இருக்கேனே தவிர எனக்கு ஒரு வியாதியும் இல்ல"ன்னு சொல்லுவாங்க. அவங்க சொல்றது பொய் இல்லைங்க. ஆனா அந்த ரிப்போர்ட் அன்னிக்கு காலைல எடுத்த ரத்தத்தப் பத்திதான் பேசுது, அடுத்த இருபது வருஷத்தப் பத்தி இல்ல.

பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை சரியா இருக்கான்னு பாக்கற கணக்கு, 30-க்கு மேல இருந்தும் இந்த டெஸ்ட் எல்லாம் சரியா வர்றவங்களுக்கு "ஆரோக்கியமான உடல்பருமன்"னு மருத்துவத்துல பேர் வச்சிருக்காங்க. எனக்கு அந்தப் பேரே பிடிக்கல. எதெல்லாம் சரியா இருந்தா ஆரோக்கியம்னு எல்லாரும் ஒத்துக்கிட்ட வரையறையே இன்னும் கிடையாது.

2017-ல பிரிட்டன்ல பர்மிங்காம் பல்கலைக்கழகத்துக்காரங்க 35 லட்சம் பேரோட மருத்துவப் பதிவுகள பாத்தாங்க. சுகர், பிரஷர், கொழுப்புப் பிரச்சினை எதுவும் இல்லாத பருமனானவங்கள, அதே மாதிரி எதுவும் இல்லாத சரியான எடைக்காரங்களோட ஒப்பிட்டா, இதய ரத்தக்குழாய் நோய் வர்ற வாய்ப்பு 49 சதவீதம் அதிகம், ஹார்ட் ஃபெயிலியர், அதாவது உடம்புக்கு வேண்டிய ரத்தத்த ஹார்ட்டால சரியா தள்ள முடியாம போறது, 96 சதவீதம் அதிகம். கிட்டத்தட்ட ரெண்டு மடங்குங்க!

சுகரே இல்லாம ஹார்ட் ஏன் கெடணும்னு கேப்பீங்க. உடம்பு பெருசானா அதுக்கு ரத்தமும் அதிகமா வேணும், அந்த ரத்தத்த எல்லாம் ஹார்ட்தான் தள்ளணும், ராத்திரி பகல்னு லீவே இல்லாம வருஷக்கணக்கா கூடுதலா தள்ளித் தள்ளி அதோட அறை விரியும், சுவர் தடிக்கும், கடைசில சரியா விரிஞ்சு சுருங்க முடியாம போகும். இது எந்த சுகர் டெஸ்ட்லயும் தெரியாது. இதத்தான் நான் உங்ககிட்ட முக்கியமா சொல்லணும்னு வந்தேன்.

மூட்டும் அப்படித்தான், அதுக்கு கொலஸ்ட்ரால் கணக்கெல்லாம் தெரியாது, பாரம் மட்டும்தான் தெரியும். முழங்கால் தேய்மானம் இருக்கறவங்க ஒரு கிலோ குறைச்சா நடக்கற ஒவ்வொரு அடிக்கும் மூட்டுல சுமார் நாலு கிலோ பாரம் குறையுது. தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வர்றதும் இருக்கு. கேன்சர்ல 13 வகைக்கு உடல் கொழுப்போட தொடர்பு இருக்குன்னு உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2016-லயே சொல்லிடுச்சு.

சரி, இந்த நார்மலாவது நிலைக்குமா? அமெரிக்காவுல சுமார் 90,000 நர்ஸுங்கள 30 வருஷம் தொடர்ந்து கவனிச்ச ஆய்வு 2018-ல வந்துச்சு. ஆரம்பத்துல ஒரு பிரச்சினையும் இல்லாத பருமனான பெண்கள்ல 84 சதவீதம் பேருக்கு 20 வருஷத்துக்குள்ள சுகரோ பிரஷரோ கொலஸ்ட்ராலோ வந்திருந்துச்சு. சரியான எடைல இருந்தவங்களுக்கும் 68 சதவீதம், அதையும் மறைக்காம சொல்லணும், வயசாகறது எல்லாருக்கும் பொதுதானே.

இதுல டாக்டருங்களான எங்களோட தப்பும் இருக்கு. ரிப்போர்ட்ட மட்டும் பாத்து "ஒண்ணும் இல்ல, போங்க"ன்னு அனுப்பிடறோம், இல்லன்னா எடைய சொல்லி மனசு நோக பேசிடறோம். ரெண்டுமே கூடாது. 100 கிலோ இருக்கறவங்க 60-க்கு வரணும்னு யாரும் கேக்கல, 5லேர்ந்து 10 கிலோ குறைஞ்சாலே மூட்டும் தூக்கமும் வித்தியாசம் காட்டும்.

அடுத்த தடவ டாக்டர்கிட்ட போறப்போ இடுப்புச் சுற்றளவ அளக்கச் சொல்லுங்க, ஏன்னா வயித்துக்குள்ள சேர்ற கொழுப்புதான் அதிகம் கெடுக்கறது. ராத்திரி குறட்டைக்கு நடுவுல மூச்சு நிக்குதான்னு பக்கத்துல படுக்கறவங்கள கேட்டுட்டுப் போங்க. மாடி ஏறும்போது மூச்சு வாங்குனா, கால் வீங்குனா, ரிப்போர்ட் நார்மல்தானேன்னு விட்டுடாம அதையும் வாயத் திறந்து சொல்லிடுங்க.