22-லிருந்து 17: காணாமல் போன சிப்பம் எங்கே?

[காட்சி: மன்னார்குடி பக்கம் ஒரு களம். தார்ப்பாயில் குறுவை நெல். ஒருவர் காலால் துழாவிக்கொண்டே நடக்கிறார்.]

ஐப்பசி மூட்டம். கொள்முதல் நிலையத்தில் மீட்டர் இந்த நெல்லுக்கு 22 சதவீத ஈரப்பதம் காட்டியது. 17-க்குள் வந்தால்தான் எடுப்பார்கள். களத்துக்காரர் கேட்கிறார்: "22-லேருந்து 17. அப்ப நூறு கிலோவுக்கு அஞ்சு கிலோதானே தம்பி குறையும்?"

இல்லண்ணே, ஆறு கிலோ குறையும். ஏன் என்று பார்ப்பதற்கு முன், "எடை" என்ற ஒரே சொல்லுக்குள் நாம் போட்டு வைத்திருப்பவற்றைக் கொஞ்சம் பிரித்துக்கொள்வோம்.

[காட்சி: பழைய மரக்கால்.]

தாத்தா காலத்தில் நெல்லை நிறுக்கவில்லை, அளந்தார்கள். ஒன்று என்று சொல்லாமல் "லாபம், ரெண்டு, மூணு" என்று எண்ணி, 12 மரக்கால் போட்டால் ஒரு கலம். மரக்கால் சொல்வது கன அளவு, அதாவது நெல் அடைக்கும் இடம். ஒரு லிட்டர் பாத்திரம் நெல்லென்றால் 550, 600 கிராம் பிடிக்கும். அரிசியென்றால் 800 கிராம் வரை பிடிக்கும். பதர் கலந்தாலும் மரக்கால் நிறைந்துவிடும், உள்ளே சரக்குதான் இருக்காது. தூற்றாமல் அளக்கக் கூடாது என்று பெரியவர்கள் பிடிவாதம் பிடித்தது இதனால்தான்.

ஒரு சிப்பத்துக்குள், அதாவது ஒரு நெல் மூட்டைக்குள், எவ்வளவு பொருள் இருக்கிறது என்பது நிறை. கிலோவில் சொல்வது இதைத்தான். அதைப் பூமி இழுக்கும் விசைதான் எடை; 40 கிலோ சிப்பத்துக்குச் சுமார் 392 நியூட்டன். சுமை தூக்குபவர் கழுத்தில் உணர்வது இது. நிலாவில் அதே சிப்பம் ஏழு கிலோவுக்கும் குறைவான சுமையாகத்தான் தெரியும். ஆனால் அரைத்துச் சோறாக்கினால் இங்கே எத்தனை பேருக்குக் காணுமோ, அங்கேயும் அத்தனை பேருக்குத்தான் காணும். எலக்ட்ரானிக் தராசு உணர்வது விசையை; படிக்கல் வைத்துச் சரிபார்த்துத்தான் அதைக் கிலோவாகக் காட்ட வைக்கிறார்கள். நம் ஊர் எல்லைக்குள் பூமியின் இழுப்பு மாறப்போவதில்லை என்பதால், பேச்சில் இரண்டையும் எடை என்றே சொல்லிக்கொள்ளலாம்.

[காட்சி: கரும்பலகை.]

சரி, சதவீதத்துக்கு வருவோம். 22 சதவீதம் என்றால் 100 கிலோ ஈர நெல்லில் 22 கிலோ தண்ணீர், 78 கிலோ காய்ந்த சரக்கு. வெயிலில் போவது தண்ணீர் மட்டும். 78 அப்படியே இருக்கும். இப்போது அஞ்சு கிலோ தண்ணீர் போனதாக வைத்துக்கொள்ளுங்கள். மீதி 95 கிலோ, அதில் தண்ணீர் 17 கிலோ. 95-இல் 17 என்பது 17 சதவீதம் இல்லை, கிட்டத்தட்ட 17.9. தண்ணீர் குறையும்போது மொத்தமும் சேர்ந்து குறைகிறது, மறந்துவிடுவது அதைத்தான்.

மீட்டர் 17 காட்ட வேண்டுமென்றால், காய்ந்த சரக்கு மொத்தத்தில் 83 சதவீதம் இருக்க வேண்டும். 78-ஐ 0.83-ஆல் வகுத்தால் 94 கிலோ.

இதே கணக்கை 100 சிப்பத்துக்குப் போடுங்கள். 4,000 கிலோ காய்ந்தால் 3,800 வரும், 95 சிப்பம் தேறும் என்று எதிர்பார்ப்போம். வருவது சுமார் 3,760; 94 சிப்பம். அந்த ஒரு சிப்பத்துக்காக, ராத்திரி முழுக்க மழைக்குப் பயந்து களத்தில் காவல் படுத்திருந்தவரைச் சந்தேகப்பட்டதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அவர் ஒரு நெல்மணி கூட எடுக்கவில்லை. போனது தண்ணீர்.

[காட்சி: நெல்லுக்குள் கைவிட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுத்தல்.]

மேலாப்பில் காய்ந்ததை மட்டும் அள்ளி மீட்டரில் போடாதீர்கள். அடியில் ஈரம் தங்கியிருக்கும். துழாவிவிட்டு நாலு இடத்தில் எடுங்கள். 17-க்கு வந்ததும் விற்கிற நெல்லைக் கட்டிவிடுங்கள். அதையும் 14 வரை காயவிட்டால் 100 கிலோ 91-க்கும் கீழே போய்விடும். விதைக்கு எடுத்து வைப்பதை மட்டும் 13 வரை காயவிடுங்கள்.