சில்லு விலகுற முட்டிக்கு எந்த நாரு வைக்கலாம்?

வணக்கம் மக்களே! மஞ்சக்குப்பத்துல இருந்து உங்க பிசியோ அக்கா. வெளிய பஸ் ஹாரன் கேட்டா பொறுத்துக்குங்க, கடலூர்ல அது இல்லாம வீடியோ எடுக்க முடியாது.

கபடி ஆடுற பசங்க நம்ம கிளினிக்குக்கு வந்தா கேக்குற கேள்வி ஒண்ணுதான்: "அக்கா, எம்.பி.எஃப்.எல். ஆபரேஷன்னு சொல்லிட்டாங்க. எந்த நாரு வெச்சா ஸ்ட்ராங்கு?"

முட்டிச் சில்லையும் தொடை எலும்பையும் உள்பக்கமா பிடிச்சிருக்கிற ஜவ்வுதான் எம்.பி.எஃப்.எல். சில்லு வெளிப்பக்கமா விலகும்போது முதல்ல கிழியறது அது. லேப்ல இழுத்துப் பாத்தப்போ சுமார் 200 நியூட்டன் (இழுக்கிற விசையோட அளவு) வந்ததுமே அறுந்துடுச்சு. கிழிஞ்ச ஜவ்வுக்குப் பதிலா, தொடைத் தசையோட நுனியில இருக்கிற நாரை எடுத்து வைக்கிறதுதான் இந்த ஆபரேஷன். அதுல கிராசிலிஸ்ங்கிற தசையோட நாரு 800-க்கு மேல தாங்குது, பக்கத்துல இருக்கிற செமிடெண்டினோசஸ் தசையோட நாரு 1200 வரைக்கும். அப்புறம் எதுக்குங்க ஸ்ட்ராங்கு ஸ்ட்ராங்குன்னு? மெலிசான நாரே தேவைக்கு மேல பலம்.

இப்பவே தொட்டுப் பாருங்க. நாற்காலில உக்காந்து, குதிகாலைத் தரையில அழுத்திப் பின்னால இழுங்க. முட்டிக்குப் பின்னாடி, உள்பக்கமா கயிறு மாதிரி புடைக்குதா? எடுப்பாத் தெரியறது செமிடெண்டினோசஸ், அதை ஒட்டி உள்பக்கமா இருக்கிறது கிராசிலிஸ். முட்டிக்குக் கீழ சின்னதா வெட்டி உருவிடுவாங்க. அந்த எடத்துல தோல் கொஞ்சம் மரத்துப் போகலாம், முன்கூட்டியே தெரிஞ்சுக்குங்க.

எனக்குப் பிடிச்சது குவாட்ரிசெப்ஸ் நாருதான். முன்தொடை நாருல ஒரு பட்டையை மட்டும் பிரிச்சு, சில்லுல ஒட்டியிருக்கிற நுனியை அப்படியே விட்டுட்டு, மறுநுனியை உள்பக்கம் திருப்பிடுவாங்க. சில்லுல ஓட்டை போட வேணாம், அதனால ஓட்டை வழியா சில்லு உடையுற பயமும் இல்ல. பழைய ஜவ்வு மாதிரியே தட்டையாவும் இருக்கும். ஆனா எல்லா சர்ஜனுக்கும் இதுல கை பழகியிருக்காது. பழகாத கையில இதைக் கேட்டு அடம்பிடிக்காதீங்க.

தானமா வர்ற நாரு? கட்டைவிரலை மடக்கினா முன்கையத் தொடுற அளவுக்கு உடம்பு முழுக்க மூட்டு தளர்ந்தவங்களுக்குச் சில டாக்டருங்க யோசிப்பாங்க. செலவு அதிகம், நம்ம ஊர்ப்பக்கம் சுலபமா கிடைக்கிறதும் இல்ல.

நாரை விட முக்கியம், அதைத் தொடை எலும்புல எங்க பொருத்துறாங்கங்கிறது. பக்கவாட்டு எக்ஸ்ரேல அந்தப் புள்ளியைக் கண்டுபிடிக்கிற கணக்கை ஷோட்டில்ங்கிற சர்ஜனோட குழு 2007-ல சொன்னாங்க. அது சில மில்லிமீட்டர் தள்ளிப்போனாலோ, நாரை இறுக்கிக் கட்டிட்டாலோ, மடக்கும்போதெல்லாம் சில்லு உள்பக்கமா அழுந்தி குருத்தெலும்பு தேயும். நாரு எவ்வளவு பலமோ, அந்தத் தப்பும் அவ்வளவு பிடிவாதமா நிக்கும்.

அதனால டாக்டர்கிட்ட "எந்த நாரு"ன்னு மட்டும் கேக்காதீங்க. சில்லு ஓடுற பள்ளம் ஆழமா இருக்கா, டி.டி.டி.ஜி. எவ்வளவுன்னும் கேளுங்க. அந்தப் பள்ளத்துக்கும், முட்டிக்குக் கீழ முன்னால இருக்கிற எலும்பு மேட்டுக்கும் பக்கவாட்டுல உள்ள தூரம்தான் அது. அது 20 மில்லிமீட்டரைத் தாண்டிட்டா, கணைக்கால் எலும்போட (முட்டிக்குக் கீழ இருக்கிற பெரிய எலும்பு) அந்த முன்மேட்டையும் நகர்த்தணுமான்னு பாப்பாங்க. போகும்போது ஸ்கேன் ரிப்போர்ட்டு மட்டும் பத்தாது, ஃபிலிமையும் கையோட எடுத்துட்டுப் போங்க.